படைச்செலவும் அனர்த்த தண்டமும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இல்லறத்தான் ஒருவன், தன் நாட்டிற்குப் படை வேண்டும் என்று எண்ணலாமா? எண்ணலாம் எனின், எவ்வளவு படை, எவ்வளவு செலவு என்று வினவும் கடமை அவனுக்கு உண்டா? முதல் வினாவைப் பலரும் எழுப்புவர். இரண்டாவதை எழுப்புவோர் அரியர். ஆயினும் நம் ஆன்றோர் வகுத்த சாவக ஒழுக்கம் இரண்டிற்குமே விடை தந்துள்ளது.

இம்சையை நால்வகைப்படுத்திய ஆசாரியர்கள், வேண்டுமென்றே கருதிச் செய்யும் சங்கல்ப இம்சையை முற்றும் விலக்குமாறு பணித்தனர். இல்லப் பணிகளாலும், உழவு, வாணிகம் முதலிய தொழில்களாலும், தற்காப்பினாலும் நேர்வனவற்றை இல்லறத்தான் இயன்றவரை குறைத்துக்கொள்க என்றனர். தற்காப்பில் நேர்வது விரோதி இம்சை எனப்படும். ஆகவே, எல்லையில் நின்று நம்மைக் காக்கும் வீரனை நாம் பழிப்பதற்கில்லை.

இவ்வாறு இசைவளித்த அறநூலே எல்லையும் வகுத்தது. சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டகத்தில் குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்த தண்ட விரதத்தை வைத்தார். அனர்த்தம் என்பது பயனின்மை; தண்டம் என்பது உயிர்க்கு ஊறு செய்யும் செயல். பயனின்றிச் செய்யும் தீங்கு ஐவகைப்படும் என்றும், வாள், நஞ்சு, தீ முதலிய கொலைக் கருவிகளை வழங்கும் இம்சாதானம் அவற்றுள் ஒன்று என்றும் அவர் விளக்கினார். எனவே, 'இச்செயலால் விளையும் பயன் யாது?' என்று ஒவ்வொரு முறையும் கேட்பதே இவ்விரதத்தின் உயிர் எனலாம்.

இந்த அளவுகோலை நாட்டின் செலவிற்கும் பொருத்திப் பார்ப்போம். 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இந்திய அரசு பாதுகாப்பிற்கு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 6,81,000 கோடி ரூபாய். அதில் 1,60,000 கோடிக்கு மேற்பட்டது ஓய்வூதியம். உழைத்து ஓய்ந்தோர்க்குரிய அதனை வீண் என்று எவரும் கூறார். ஆனால் எஞ்சிய தொகையும் மக்களின் வியர்வையே அன்றோ? நெய்வேலிச் சுரங்கத்தில் உழைக்கும் தொழிலாளியும், காடாம்புலியூரில் முந்திரி உடைக்கும் பெண்ணும் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் செலுத்தும் வரியில் ஒரு பங்கு அங்கே சேர்கிறது. செலவிடப்படும் விதத்தை அறிய அவர்களுக்கு உரிமை உண்டு.

வீண்செலவு எவ்வழி புகுகிறது என்பதற்கு மூன்று சான்றுகள் காண்போம்.

முதலாவது, பயன் தீர்ந்த பின்னும் நீடிக்கும் செலவு. ஆங்கிலப் படையினர்க்குப் பால் வழங்குவதற்காக 1889இல் அலகாபாத்தில் முதல் இராணுவப் பால்பண்ணை தொடங்கப்பெற்றது. பின்னர் அது பல ஊர்களிலும் பெருகியது. கூட்டுறவுப் பால் நாடெங்கும் பெருகி, எவ்வூரிலும் பால் வாங்கலாம் என்னும் நிலை வந்த பின்னரும் பண்ணைகள் நீடித்தன. எஞ்சியிருந்த 39 பண்ணைகளை மூட 2017இல்தான் முடிவு செய்யப்பட்டது. 2021 மார்ச்சில் அவை முறையாக மூடப்பட்டன. சேகத்கர் குழு 2016இல் அளித்த பரிந்துரைகளின் பயன் இது. நாட்டின் வலிமை இதனால் கடுகளவும் குறைந்திலது.

இரண்டாவது, நோக்கத்தைத் தெளியாமல் தொடங்கும் செலவு. சென்னையை அடுத்த ஆவடியில் உருவான அர்ச்சுன் பீரங்கி வண்டித் திட்டத்திற்கு 1974இல் 15.5 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் வழங்கப்பட்டது. முதல் ஐந்து வண்டிகள் படையைச் சேர்ந்தது 2004இல். இடையில் முப்பது ஆண்டுகள் கழிந்தன. உருவாக்கச் செலவோ 300 கோடியைக் கடந்தது. பொறியாளர்களின் திறமையை இங்கே குறை கூறவில்லை. எத்தகைய வண்டி வேண்டும் என்னும் வரையறை இடையிடையே மாற்றப்பட்டமை இத்தாமதத்திற்கு ஒரு முதன்மைக் காரணம் ஆயிற்று. அதற்குள், 2001இல் உருசியாவிடம் 310 பீரங்கி வண்டிகள் வாங்க ஒப்பந்தம் செய்ய நேர்ந்தது. அளவை முதலிலேயே வரைந்துகொள்ளாதவன் இருமுறை செலவழிப்பான் என்பது இல்லத்திற்கும் அரசிற்கும் பொது.

மூன்றாவது, அச்சத்தால் தொடரும் செலவு. 1984 ஏப்ரல் முதல் சியாச்சின் பனிமலையில் இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் எதிரெதிரே நிற்கின்றன. அங்கே பகைவரின் குண்டுக்கு இரையானோரினும் பனிக்கும் குளிருக்கும் இரையானோரே மிகுதி. 2012 ஏப்ரலில் பனிச்சரிவு ஒன்று பாகிஸ்தான் தரப்பில் 140 பேரைப் புதைத்தது. 2016 பிப்ரவரியில் நம் வீரர் பதின்மர் மாண்டனர். அவர்களுள் நால்வர் தமிழகத்தினர். 1989இல் இரு நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர்களும் படைகளைப் பின்னே அமர்த்தும் உடன்பாட்டை நெருங்கினர், அது கைகூடவில்லை. 1999 கார்கில் போருக்குப் பின் ஐயம் மேலும் வலுத்தது.

'பகைவன் அருகிருக்கச் செலவைக் குறைத்தல் பேதைமை அன்றோ?' என்று சிலர் வினவுவர். அவர்களின் அச்சம் காரணமற்றதன்று. ஆனால் வீண்செலவு வலிமை ஆகாது. தேவையற்ற இடத்தில் கரையும் ரூபாய், வீரனின் குளிருடைக்கும் காலணிக்கும் உரிய ரூபாயே. பகைவருடன் உடன்பாடு இயலாது என்பதும் உண்மையன்று. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் புத்தாண்டு நாளில் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறி வருகின்றன. கார்கில் போரும் அதனை நிறுத்தவில்லை. இது சிறிய உடன்பாடுதான். ஆயினும் ஐயத்தின் நடுவிலும் சொல்லைக் காக்க இயலும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

காப்பு என்பது எல்லைக் காப்பு மட்டுமோ? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறைகளாக வளர்த்த பலாவும் முந்திரியும் சில மணி நேரத்தில் சாய்ந்தன. அன்று எம் உழவரின் வாழ்வைப் பறித்த பகைக்கு எதிராக எப்பீரங்கியும் உதவாது. வீணாகாமல் மீட்கப்படும் பொருள், உறுதியான வீடாகவும் மருத்துவமனையாகவும் மாறுமாயின் அதுவும் நாட்டுக் காப்பே ஆகும்.

அரசின் செலவில் நமக்கு என்ன பங்கு என்று ஒதுங்குதல் தகாது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகின்றன. செய்தித்தாள்களும் அவற்றை வெளியிடுகின்றன. அவற்றைப் படிப்போம், வாக்குக் கேட்டு வருவோரிடம் அவைபற்றி வினவுவோம். மேலும், அனர்த்த தண்டத்தின் ஐவகையுள் பிறர் கெடுக என நினைக்கும் அபத்தியானமும், தீயன கேட்டு மகிழும் துச்சுருதியும் அடங்கும். தொலைக்காட்சியில் போர் வெறிப் பேச்சைக் கேட்டுக் களிப்போர், தம் இல்லத்தில் அமர்ந்தவாறே அவ்விரண்டிற்கும் ஆளாகின்றனர். மக்கள் களிப்பதைக் கண்டே அரசுகள் ஆயுதங்களைக் குவிக்கின்றன. ஆதலின் நம் செவியையும் நெஞ்சையும் காத்தல், படைச்செலவைக் குறைக்கும் பணியில் நாம் இன்றே தொடங்கத்தக்க முதற்படியாகும்.