சாகாதவனுக்கு ஒரு கடிகாரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் டோக்கன் போட்டு விளையாடும் கடை இருந்தது. சூப்பர்மேன் சாவதை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். தைத்தோ நிறுவனம் 1988இல் வெளியிட்ட விளையாட்டு அது. தெருவில் வரும் அடியாட்கள் வெறுங்கையால் குத்துவார்கள். உயிர்க்கோடு குறைந்துகொண்டே வரும். கோடு தீர்ந்தால் ஆள் காலி. இரண்டாவது ஆட்டக்காரருக்கும் சூப்பர்மேன்தான், உடை மட்டும் சிவப்பு. அக்கா எப்போதும் நீலத்தை எடுத்துக்கொள்வாள், எனக்குச் சிவப்பு.

“துப்பாக்கியால சுட்டாலே ஒண்ணும் ஆகாதவன், இவனுங்க குத்துனா ஏன்க்கா சாகுறான்?” என்று கேட்டேன்.

“அவன் செத்தாத்தானே நாம மறுபடி டோக்கன் போடுவோம்.”

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தத் தொழிலை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஆனால் டோக்கனுக்கு அப்பாலும் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேட்மேனை வைத்தோ ஸ்பைடர்மேனை வைத்தோ விளையாட்டு செய்வது சுலபம். அடிபட்டால் வலிக்கும் ஆட்கள் அவர்கள். கொனாமியின் 1992 எக்ஸ்-மென் இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு திரைகளை ஒட்டவைத்து ஆறு பேர் நின்று விளையாடும் பெரிய இயந்திரம். அதில் உன் சிறப்புச் சக்தியைப் பயன்படுத்தினாலே உன் உயிர் கொஞ்சம் குறையும். சக்திக்கு விலை உடம்பு. சின்னப் பையனுக்கும் உடனே புரிந்துவிடும் அறம் அது. சூப்பர்மேனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவனுக்கு உயிர்க்கோடு வரைந்த மாத்திரத்தில் அவன் சூப்பர்மேன் இல்லை, நீலச் சட்டை போட்ட ஒரு குத்துச்சண்டைக்காரன். கோடு இல்லையென்றால் விளையாட்டே இல்லை. தோற்க முடியாதவனை வைத்து என்ன ஆடுவது?

இந்தக் கேள்வி விளையாட்டுகளைவிடப் பழையது. அரிஸ்டாட்டில் தன் நிக்கோமாக்கிய அறவியலின் கடைசிப் புத்தகத்தில் ஏறக்குறைய இதையே கேட்கிறார். தெய்வங்களைத் துணிச்சலானவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஆபத்தே இல்லாதவர்களுக்குத் துணிச்சல் எதற்கு? வலிக்காதவன் செய்யும் நல்லது நல்லதுதான், ஆனால் அதற்காக அவனைப் பாராட்ட வேண்டுமா?

கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி எனக்குச் சூப்பர்மேனைப் பற்றியதாக மட்டும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, பழைய விளையாட்டுகளைக் கைப்பேசியில் ஓட்டும் எமுலேட்டரில், 1979இல் அட்டாரி 2600க்கு வெளிவந்த சூப்பர்மேனைத் தேடிப் பிடித்தேன். ஜான் டன் என்பவர் எழுதிய நிரல். மொத்தமே நான்கு கிலோபைட். நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு ஸ்டிக்கர்கூட அதைவிடப் பெரியது. சூப்பர்மேன் ஒரு சின்ன நீல-சிவப்புக் கிறுக்கல் மாதிரித்தான் இருப்பான். முதல் நாள் சிரித்துக்கொண்டுதான் ஆடினேன்.

இந்தச் சூப்பர்மேன் சாகவே மாட்டான்.

ஆரம்பத்தில் நீங்கள் கிளார்க் கென்ட். கண்முன்னே ஒரு பாலம் வெடித்து மூன்று துண்டாகிறது. டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து சூப்பர்மேனாக வெளியே வந்து, துண்டுகளைத் தேடிப் பொருத்த வேண்டும். லெக்ஸ் லூதரையும் அவனுடைய ஐந்து ஆட்களையும் பிடித்துச் சிறையில் போட வேண்டும். இடையில் ஒரு ஹெலிகாப்டர் வேறு, பொருள்களைத் தூக்கிக்கொண்டு போய் வேறெங்கோ வைத்துவிடும். கிரிப்டோனைட் மேலே பட்டால் பறக்கும் சக்தி போய்விடும். லோயிஸ் லேனைத் தேடி நடந்து போய் ஒரு முத்தம் வாங்கினால்தான் திரும்ப வரும். அவ்வளவுதான் தண்டனை. உயிர்க்கோடு இல்லை, புள்ளி இல்லை, ‘கேம் ஓவர்’ இல்லை. முடிவில் உங்களுக்குச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று: எவ்வளவு நேரம் ஆனது.

அதாவது, எதையும் இழக்க முடியாதவனிடம் இழக்க என்ன இருக்கிறது என்று யோசித்து, நேரம் இருக்கிறது என்று இந்த விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறது. எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் அவன் ஒரு சமயத்தில் ஒரு திரையில்தான் இருக்க முடியும். பாலத்துண்டைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது லூதர் எங்கோ உலாவிக்கொண்டிருக்கிறான். உங்களால் தோற்க முடியாது, தாமதமாகத்தான் முடியும்.

இதற்குச் சில மாதங்கள் முன்பு, 1978 டிசம்பரில்தான் ரிச்சர்ட் டானரின் சூப்பர்மேன் படம் வந்திருந்தது. அங்கேயும் சிக்கல் நேரம்தான். லூதர் இரண்டு ஏவுகணைகளை விடுகிறான். தன் அம்மா இருக்கும் ஹாக்கன்சாக்கை நோக்கிப் போவதை முதலில் தடுக்க வேண்டும் என்று லூதரின் தோழி வாக்கு வாங்கிக்கொண்டுதான் சூப்பர்மேனை விடுவிக்கிறாள். அவன் வாக்கைக் காப்பாற்றுகிறான். இன்னொன்று கலிபோர்னியாவில் விழுகிறது. நிலம் பிளந்து, காரோடு மண்ணுக்குள் போய் லோயிஸ் இறக்கிறாள். அதுவரை அருமையான படம். அதன்பின் அவன் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னால் திருப்பிவிடுகிறான். எனக்குச் சின்ன வயதில் கைதட்டத் தோன்றிய காட்சி. இப்போது அது ஏமாற்று வேலையாகப் படுகிறது. வாக்குக்கும் காதலுக்கும் நடுவே மாட்டியவனுக்கு விலையே இல்லாத ஒரு வழியைத் திறந்துவிட்டார்கள். நான்கு கிலோபைட் விளையாட்டில் அந்த வழி கிடையாது. அங்கே கடிகாரம் முன்னால் மட்டும்தான் போகும்.

நேரத்தை வைத்தாலே போதும் என்றும் சொல்ல மாட்டேன். 1999இல் நின்டெண்டோ 64க்கு வந்த சூப்பர்மேனிலும் நேரக்கெடு உண்டு. லூதர் செய்த மாய நகரத்தில் வளையம் வளையமாக நுழைந்து பறக்க வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. உலகத்தின் மிக மோசமான விளையாட்டுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதற்கு ஓர் இடம் நிச்சயம். அங்கே நேரம் யாரோ போடும் உத்தரவு. அட்டாரியில் யாரும் உங்களை அவசரப்படுத்துவதில்லை.

இனி என் கதை. அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம். அவர் ஜொகூர் பாருவில் அக்காவோடு இருக்கிறார். நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். செலவு முழுக்க என்னுடையது. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிற காலத்தில் அது எனக்கு வலிக்கவில்லை என்பதுதான் உண்மை. மாதம் பிறந்ததும் தானாகப் போய்விடும், நான் பட்டனைக்கூட அழுத்த வேண்டாம். அக்கா பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டாள்.

ஒருநாள் போனில், கோபமே இல்லாமல் சொன்னாள்: “நீ அனுப்புற காசு டான்னு வந்துருது தம்பி. புதன்கிழமைதான் நீளமாப் போவுது.”

எனக்குக் கோபம் வந்தது. காசு இல்லாவிட்டால் இயந்திரம் ஓடுமா? பீட்டர் சிங்கர் 1972இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு குழந்தை குளத்தில் மூழ்குகிறது. இறங்கினால் உங்கள் துணி சேறாகும், அவ்வளவுதான். இறங்கித்தான் ஆகவேண்டும் என்கிறார். விலை குறைவு என்பது அங்கே உதவியின் மதிப்பைக் குறைக்கவில்லை, கடமையைத்தான் கூட்டுகிறது. அப்பாவின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கு யாருக்கு வலித்தது, யாருக்கு வலிக்கவில்லை என்று தெரியாது. இந்த வாதத்தை மனசுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயித்தேன். அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது.

அப்புறம்தான் அட்டாரி விளையாட்டின் முடிவைச் சரியாகக் கவனித்தேன். பாலம் பொருந்தி, ஆறு பேரும் சிறைக்குள் போன பிறகும் கடிகாரம் நிற்காது. முதல் இரண்டு தடவை ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். சூப்பர்மேன் திரும்ப பூத்துக்குப் போய், கிளார்க் கென்டாக மாறி, ‘டெய்லி பிளானட்’ அலுவலகத்துக்குள் நடந்து போக வேண்டும். அப்போதுதான் நேரம் நிற்கும். காப்பாற்றியவன் தன் வேலைக்குத் திரும்பும்வரை காப்பாற்றியது முடிந்ததாகக் கணக்கில்லை.

அக்காவின் கடிகாரம் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாலர் பள்ளி எங்கே, அவள் எங்கே. வலித்ததா, வலிக்கவில்லையா என்று நான் என்னையே எடைபோட்டுக்கொண்டிருந்தேன். கேள்வியே தப்பு. நான் வலிக்க வலிக்கக் கொடுத்திருந்தாலும் அவளுடைய புதன்கிழமை அப்படியேதான் இருந்திருக்கும்.

இப்போது செவ்வாய் இரவு வேலை முடிந்து பாலத்தைத் தாண்டுகிறேன். நெரிசலில் சில நாள் இரண்டு மணிநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை வேலை பார்த்துப் புதனை ஈடு கட்டுகிறேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. மூன்றில் ஒரு நாள், அதுவும் எல்லா வாரமும் முடிவதில்லை. முதல் புதன்கிழமை அக்கா எங்கே போனாள் என்று கேட்டேன். “தூங்கினேன்” என்றாள்.

போன வாரம் அப்பா படுக்கையிலிருந்தபடி என் கைப்பேசியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் மாட்டிய கையை அசைக்கக்கூடாது, அதனால் கழுத்தை மட்டும் நீட்டி.

“இவ்ளோ நேரம் பறந்தான், இப்ப ஏன் நடக்குறான்?”

“வேல முடிஞ்சிருச்சுப்பா. ஆபீசுக்குப் போறான்.”

“லேட்டாயிருச்சா?”

“கொஞ்சம்” என்றேன்.