கூதிர்நாளும் இல்லிருப்பும்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப்பருவம் எனப்படும். புறத்தே மழை பெய்ய, இல்லத்தார் ஒருங்கிருந்து எளிய உணவை உண்டு, கார்த்திகை விளக்கிற்குத் திரி திரித்து, மாலைப்பொழுதை அமைதியிற் கழித்தல் பாசத்தை வளர்ப்பதாகுமன்றோ என்று ஐயுறுவார் சிலர். அதனை ஈண்டு ஆராய்வாம்.

தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் தோற்றுவித்து உயிர்க்குக் கூட்டுபவன் இறைவனே. பிராரத்தம் நுகர்ந்தன்றிக் கழியாது. வித்தியா தத்துவம் ஏழனுள், காலம் நுகர்ச்சியை இறந்தது, நிகழ்வது, எதிர்வது என வரையறுத்து நிற்கும். அராகம் வேட்கையை எழுப்பும். அவ்வேட்கை எதிர்வதன்மேல் ஓட, நிகழ்வதை நுகராது விரைகின்றவன் போகத்தைத் துறந்தவனல்லன். இன்னும் வாராத போகத்திற்கு அடிமையாயினான். மனைவி பரிமாற, மக்கள் அருகிருந்து ஏதோ வினவ, மறுநாட் கணக்கையே எண்ணி உண்பவன் தான் உண்டது இன்னதென்றும் அறியான். ஊட்டுவிப்பானை அவன் உணர்வது எங்ஙனம்? இதனைப் பற்றின்மை என்பார் பிழைபட்டார். வந்ததை இறைவன் கூட்டியதென்று கண்டு நுகர்தல் வேறு. எனதென்று பற்றுதல் வேறு.

அற்றேல் விரைவெல்லாம் குற்றமோ எனின், அன்று. மழைநாள் இரவில் அடியவர் பசித்து வர, பகலில் விதைத்த நெல்முளையை வாரிக் கொணர்ந்த இளையான்குடி மாறனார் விரைந்தவரே. மனைவியாரும் உடனின்று சமைத்தனர். அவ்விரைவு தம்பொருட்டன்று; எதிரே நின்ற பசியின் பொருட்டு.

துறவறத்தார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், பூசையை விரைந்து முடித்து அடுத்த அலுவலை நோக்கும் கை மடத்தின்கண்ணும் உண்டென்பதை அவரே அறிவர்.