நீரின் உடைமையும் தாகத்தின் நியாயமும்

தாகமென்று வந்து நிற்பவனுக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்லலாகாது. எமது சமுதாயத்தில் இதனை வெளிப்படையாக மறுத்துப் பேசுவோர் எவருமில்லை. ஆயின், கேட்பவன் தனியொருவனாக இல்லாமல் ஒரு குடாநாடாகவும், கொடுக்க வேண்டியவன் செல்வந்தனாக இல்லாமல் வயலை நம்பி வாழும் விவசாயியாகவும் இருந்தால், அந்த அறம் எங்ஙனம் நிற்கும்? இரணைமடுக் குளத்தை முன்வைத்து யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்குமிடையே எழுந்த பிணக்கு இந்த வினாவையே எம்முன் நிறுத்தியது. மேடைகளில் அது கட்சிச் சண்டையாகவும் பிரதேசச் சண்டையாகவும் பேசப்பட்டது. அதனடியில் கிடந்த ஒழுக்கப் பிரச்சினையைப் பேசியோர் சிலரே.

முதலில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறுவோம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு மாவட்டங்களுக்குமான குடிநீர்த் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010ஆம் ஆண்டில் கடன் வழங்க இசைந்தது. இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் நீரை எடுப்பது அத்திட்டத்தின் அடிப்படை. குளத்தின் நீர்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்துவதால் விவசாயிக்கு இழப்பு ஏற்படாது என்று கூறப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் அதனை ஏற்கவில்லை. ஈற்றில் குளம் கைவிடப்பட்டுக் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. வடமராட்சி கிழக்கில் தாளையடி நிலையம் 2024 ஆகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை வழங்கத்தக்கதாக அது அமைக்கப்பட்டது.

கணக்குப் பார்ப்போர் விவசாயிகளைக் குறை கூறினர். கேட்ட நீர் ஆண்டுக்கு ஒரு கோடி கன மீற்றருக்குச் சற்றுக் குறைவு; குளத்தின் பழைய கொள்ளளவோ ஏறக்குறைய 13 கோடி கன மீற்றர்; பதின்மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க மனமில்லையா என்று வினவினர். இவ்வாதத்தில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. குளம் ஆண்டுதோறும் நிரம்புவதில்லை. நிரம்பிய ஆண்டில் பதின்மூன்றில் ஒரு பங்காக இருப்பது, வரண்ட ஆண்டில் சிறுபோகம் முழுவதாகவும் இருக்கக்கூடும். காலபோகத்தில் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் விளையும் அக்குளத்தின் கீழ், சிறுபோகத்தில் அதன் ஒரு பகுதிக்கே நீர் கிடைக்கிறது. எத்தனை ஏக்கர் என்பதைக் குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்துக் கூட்டத்தில் தீர்மானித்துப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். சராசரியில் வாழ்பவன் அலுவலகத்து மனிதன். விவசாயி வாழ்வது அந்தந்த ஆண்டின் மழையில்.

எனவே, விவசாயியின் அச்சம் நியாயமானது. அதனாலேயே அவன் முடிவும் நியாயமானது என்று சொல்லிவிடலாமா? அதற்குமுன் கேட்பவனின் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடுவது. ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்நீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, அங்குள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்ததாதலால் இது இயல்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட விகிதம். இதனை மறுபுறமாகவும் படிக்க வேண்டும். இறைப்பினால் மேலே ஓரடி தாழ்ந்தால், கீழேயிருந்து உவர் நாற்பதடி எழும்ப இடமுண்டு. நிலாவரையின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதன் இரகசியம் இதுவே.

துலாவினாலும் பட்டையினாலும் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே நீருக்கு எல்லை வகுத்தது. துலா மிதித்தவன் களைத்தபோது கிணறும் ஓய்வு பெற்றது. 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் வந்தது. உழைப்பாளியின் முதுகை நிமிர்த்திய அந்த இயந்திரத்தை நாம் பழிக்கப் போவதில்லை. துலாவின் அழகைப் பாடுவோர் ஒரு நாளேனும் அதனை மிதித்துப் பார்த்தவர்கள் அல்லர். ஆனால், களைப்பு என்ற பழைய எல்லை போன இடத்தில் அறிவு என்ற புதிய எல்லையை நாம் வைக்கவில்லை. 1970களின் முற்பகுதியில் இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விலை போயின. தோட்டங்கள் பெருகின, அசேதனப் பசளை குவிந்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் கொட்டிய பசளையின் நைத்திரேற்று நேரே கிணற்றுக்குள் இறங்கியது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையை அப்பகுதிக் கிணறுகள் பல தாண்டிவிட்டன. குழந்தைகளின் இரத்தத்துக்கு அது நஞ்சு. நெருங்கிக் கட்டிய வீடுகளின் மலகூடக் குழிகளும் தம் பங்கைச் செலுத்தின. பின்னர் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாடே அறிந்தது.

குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பெரிதும் உறிஞ்சுவது வீட்டுக் குடமன்று, தோட்டத்து வாய்க்கால். ஆகவே கிளிநொச்சி விவசாயி, “உன் கிணற்றைப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைத்துத் தீர்த்துவிட்டு என் குளத்துக்கு வருகிறாயே” என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்வது எளிதன்று.

ஆனால் இக்கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதை நின்று நோக்க வேண்டும். “யாழ்ப்பாணம்” இறைத்தது, “யாழ்ப்பாணம்” தாகத்தால் தவிக்கிறது என்கிறோம். இரண்டு வாக்கியங்களிலும் எழுவாய் ஒன்றுபோல் தோன்றும். உண்மையில் அவை இரண்டு வேறு மனிதர் கூட்டங்கள். இறைத்தவன் செம்மண் தோட்டக்காரன். கோடையில் பவுசரின் பின்னால் குடத்துடன் நிற்பவர்கள் தீவகத்துப் பெண்களும், கரையோரக் கடற்றொழிலாளர் குடும்பங்களும், சொந்தக் கிணறில்லாத கூலி மக்களும் ஆவர்.

இது இன்று நேற்றுத் தோன்றிய பிரிவினையுமன்று. எமது காணி உறுதிகளைப் படித்துப் பாருங்கள். கிணற்றிற் பங்கு, துலாவிற் பங்கு, வழியிற் பங்கு, வாய்க்காலிற் பங்கு என்று அணுவணுவாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். அத்தனை நுட்பமான பங்கீட்டுக்குள் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு ஒரு வாளி நீருக்கும் பங்கிருக்கவில்லை. உயர்த்தப்பட்டோர் கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, யாரேனும் இரங்கி ஊற்றும்வரை வெறுங்குடத்துடன் அவர்கள் காத்து நின்றனர். கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். சாதிக் குறைபாடுகளுக்கெதிரான சட்டம் 1957இல் வந்தது. கிணற்றடி மாற அதற்குப் பின்னும் ஆண்டுகள் பல சென்றன. படலையில் நின்றவனின் தாகத்தை மறுக்காத சமுதாயம் என்று பெருமை பேசுவோர் இதனையும் சேர்த்தே பேச வேண்டும்.

அந்த உறுதிகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிணற்றைப் பிரித்தெழுதிய நொத்தாரிசால் கிணற்றின் கீழுள்ள நீரைப் பிரிக்க முடியவில்லை. வேலி மண்ணுக்கு மேலே நிற்கிறது, பாறைக்குள் வேலியில்லை. எனது இயந்திரம் இழுப்பது அயலவன் கிணற்று நீரையுந்தான். ஏறக்குறைய ஒரு லட்சம் எனச் சொல்லப்படும் குடாநாட்டுக் கிணறுகள் அனைத்தும் ஒரே பாத்திரத்தில் இட்ட குழாய்கள் போன்றவை. பாத்திரம் பொது, குழாய் தனியுடைமை என்ற ஏற்பாட்டில் வலிய இயந்திரம் உடையவனே வெல்வான்.

இனிக் கிளிநொச்சிப் பக்கம் வருவோம். அங்கும் “விவசாயி” என்ற சொல் ஒருமையன்று. இரணைமடுவின் கீழ்க் காணி பெற்றவர்களிற் பலர் 1930கள் முதலாகக் குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்து சேர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிற் பல, வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களிலேயே குடிசை போட்டன. வயலில் நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் அவர்கள் கைகள். ஆனால் குளத்துநீரைப் பங்கிடும் கூட்டத்தில் பேசும் உரிமை வயற்காணிக்கு உண்டு, அக்கைகளுக்கு இல்லை. “எங்கள் குளம்” என்ற முழக்கத்தில் அவர்களும் குரல் கொடுத்தார்கள். அந்த “எங்கள்” அவர்களை உள்ளடக்கியதா என்பது வேறு கதை.

குளமும் தானே நிரம்புவதன்று. கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தோன்றி, முல்லைத்தீவு மாவட்டத்தினூடாக வந்து இரணைமடுவை நிரப்பி, எஞ்சியதைச் சுண்டிக்குளக் களப்பிற் சேர்க்கிறது. வகுப்பில் மாவட்டங்களுக்கு வெவ்வேறு நிறம் தீட்டிய படத்தை விரித்தபோது, மாணவி ஒருத்தி ஆற்றைக் காட்டி, “சேர், இதுக்கு எந்த நிறம்?” என்று வினவினாள். திட்டமிடுவோர் கேட்கத் தவறிய கேள்வி அது. மேலே சிறுகுளங்களைத் திருத்துவோருக்கும், காட்டை அழிப்போருக்கும், ஆற்று மணலை அள்ளி விற்போருக்கும் கீழேயுள்ள குளத்தில் பங்குண்டு, நன்மையிலும் கேட்டிலும்.

கீழ்முனையிலும் மனிதர் இருக்கின்றனர். பொறியியலாளர் ஆறுமுகம் 1954ஆம் ஆண்டளவில் முன்வைத்த திட்டத்தை இன்றும் பலர் யாழ்ப்பாணத்துக்கான ஆறு என்று போற்றுகின்றனர். கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரை ஆனையிறவுக் களப்பில் தேக்கி நன்னீராக்கி, முள்ளியானில் வெட்டும் கால்வாய் வழியே வடமராட்சிக் களப்புக்குக் கொண்டு செல்வது அதன் சாரம். வெளியார் தயவை நாடாத, பகுதி முழுவதையும் ஓருடலாகக் கண்ட சிந்தனை என்ற வகையில் அதற்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அதனை ஆதரிப்போரிற் பலர், கடலுக்கு ஓடும் நீர் வீணாகிறது என்ற ஒரே நியாயத்தில் நிற்கின்றனர். பராக்கிரமபாகு மன்னனின் பெயரையும் துணைக்கழைக்கின்றனர். மாரியில் களப்புக்குள் இறங்கும் நன்னீரில்தான் இறால் வளர்கிறது. களப்பில் வலை வீசுபவனுக்கு அது வீணாகிய நீரன்று. அவனுடைய மாரி விதைப்பு. அவனைக் கேளாமல் அதனை வீண் என்று சொல்லும் அதிகாரம் மன்னனுக்கும் இல்லை, எமக்கும் இல்லை.

தாளையடியில் நிகழ்ந்ததும் இதுவே. இருபுறத்தாரும் உடன்படாதபோது, தீர்வு மூன்றாமவன் வாசலில் இறக்கி வைக்கப்பட்டது. செறிந்த உப்புநீர் திரும்பவும் கடலில் விடப்பட்டால் மீன்வளம் கெடும் என்று அப்பகுதிக் கடற்றொழிலாளர் எதிர்த்தனர். அவர்கள் யாழ்ப்பாணத்தின் கிணற்றைக் கெடுத்தவர்களுமல்லர், இரணைமடு நீரை மறுத்தவர்களுமல்லர். கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் வேண்டும். அதன் செலவு மாதந்தோறும் பொதுமக்கள் தலையில் வந்து விழும். குளத்துநீரைப் பற்றிய உடன்படிக்கையொன்றை எழுத இயலாமற்போனதன் விலை இது.

அவ்வுடன்படிக்கை எழுத முடியாததா? வரண்ட வலயத்தின் பழைய வழக்கமொன்று என் நினைவுக்கு வருகிறது. சிங்களக் கிராமங்களில் அதனைப் ‘பெத்ம’ என்பர். மழை பொய்த்த போகத்தில், குளத்தை அண்டிய வயற்பகுதிக்கு மட்டும் நீர் விடப்படும். அந்தப் பகுதியை அதன் உரிமையாளர் மட்டும் விதைப்பதில்லை. கடைவாய்க்காலில் வயல் வைத்திருப்பவனும் அங்கே வந்து தன் பங்குக்கு ஒரு துண்டு விதைப்பான். மழை திரும்பியதும் அவரவர் நிலம் அவரவர்க்கு. இது தர்மமன்று, பிச்சையுமன்று. பஞ்ச காலத்தில் உடைமை சற்று ஒதுங்கி நிற்க வேண்டும் என்று கிராமம் முற்கூட்டியே செய்துகொண்ட ஒப்பந்தம். எமக்கு வேண்டியது இதன் விரிந்த வடிவம். நிரம்பிய ஆண்டில் குளம் குடிநீருக்குக் கொடுக்கட்டும். 2018 டிசம்பரில் வான்கதவுகளைத் திறந்துவிட்டுக் கீழுள்ள ஊர்களை வெள்ளத்தில் கண்டோமே, அத்தகைய நீர் உண்டு. வரண்ட ஆண்டில் குளத்துநீர் வயலுக்கே இருக்க, தாளையடி உழைக்கட்டும். நீர் பெறும் நகரத்தான் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு மேலுள்ள சிறுகுளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் திரும்பட்டும். எந்த மட்டத்தில் எவருக்கு எவ்வளவு என்பது பஞ்சம் வருமுன் எழுதப்பட வேண்டும். வந்தபின் எழுதுபவர் வலியவராகவே இருப்பார்.

யாழ்ப்பாணத்தானுக்கும் இதில் ஒரு கடமையுண்டு. தன் கிணற்றைக் காக்காதவன் பிறன் குளத்தில் நீர் கேட்கும்போது அவன் குரலில் வலு இருப்பதில்லை. தூர்ந்த குளங்களும் கேணிகளும் ஆழப்படுத்தப்பட வேண்டும். பசளைக்கும் இறைப்புக்கும் வரம்பு வேண்டும். தோட்டக்காரனின் வருமானம் குறையுமே என்பார்கள். குறையலாம். அவ்விழப்பைச் சிறிய தோட்டக்காரன் மீது மட்டும் சுமத்தாமல், நீர் அருந்தும் நகரமும் அரசும் பகிர்ந்தெடுத்தல் வேண்டும்.

இரணைமடுவின் நீர்மட்டத்தை ஒவ்வொரு நாளும் அளந்து எழுதுகிறார்கள். குடாநாட்டுக் கிணற்றின் மட்டத்தை அவ்வாறு எழுதி வைக்கும் வீடு எமது ஊரில் எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. வருகிற மாரியிலிருந்து எங்கள் பாடசாலை மாணவர்கள் தத்தம் வீட்டுக் கிணற்றின் மட்டத்தையும் அதன் உவர்ச்சுவையையும் மாதம் ஒருமுறை குறித்து வருவதென்று தீர்மானித்திருக்கிறோம். கயிறு, ஒரு கல், ஓர் அப்பியாசப் புத்தகம் ஆகியனவே அதற்கான கருவிகள். கிணறில்லாத வீட்டுப் பிள்ளைகள், பவுசர் எத்தனை நாளுக்கொருமுறை வந்தது என்பதைக் குறிப்பார்கள்.