நாய் கடைசியில் செத்துப்போகுமா?

நாய் வரும் படம் என்று சொன்னாலே என் அக்கா மகள் முதலில் கேட்பது இதைத்தான்: "சித்தி, கடைசியில அது செத்துப்போயிடுமா?" கதை என்ன, யார் நடித்தது என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். நியாயமான கேள்வி. ஆனால் தணிக்கைச் சான்றிதழில் அதற்குப் பதில் இருக்காது. 2024 நவம்பர் முதல் நம் தணிக்கை வாரியம் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறது. நல்ல மாற்றம்தான். இருந்தாலும் அடிதடி, ரத்தம், போதை, கெட்ட வார்த்தை இவற்றைக் கணக்கெடுப்பதுபோல் ஒரு படத்திலுள்ள துக்கத்தைக் கணக்கெடுத்துவிட முடியாது.

'ஹாச்சி' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் கியர் நடித்து 2009-இல் வந்தது. அமெரிக்காவில் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற 'ஜி' தரம் பெற்றது. ஜப்பானில் ஷிபுயா ரயில் நிலையத்தில், 1925-இல் இறந்துபோன பேராசிரியருக்காக 1935-இல் தான் சாகும்வரை காத்திருந்த அகிதா நாயின் உண்மைக் கதை அதற்கு மூலம். படத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. காலையில் ரயிலேறிப் போன மனிதர் சாயங்காலம் திரும்பவில்லை, அவ்வளவுதான். அந்த இடம் வந்ததும் அக்காவின் சின்ன மகன் எழுந்து வாசலுக்குப் போனான். அப்பாவின் செருப்பு கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தான். திரும்பி வந்து அம்மாவின் புடவையைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டான். நாய் சாகும் கட்டம் அப்போது வரவே இல்லை. வேலைக்குப் போன அப்பா வராமல் போகலாம் என்பதைத்தான் அந்தப் படம் அவனுக்குச் சொல்லியிருந்தது. பெரியவர்கள் நாயின் விசுவாசத்தை நினைத்து அழுகிறோம். குழந்தை தன் வீட்டை நினைத்துப் பயப்படுகிறது.

அதற்காகச் சாவே இல்லாத படங்களாகத் தேடிப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கன்னடத்தில் எடுத்து 2022-இல் தமிழிலும் வந்த '777 சார்லி'யில் நாய்க்குப் புற்றுநோய். பணத்துக்காக ரத்த உறவுக்குள்ளேயே நாய்களை இனப்பெருக்கம் செய்வித்தவர்களின் பேராசைதான் காரணம் என்று படம் தெளிவாகச் சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது துக்கத்தோடு ஒரு நியாயமான கோபத்தையும் தரும். மறுநாள் பேச விஷயம் இருக்கும். ஐந்து வயதுக்கு அது நீளமான படம், ஆரம்பத்தில் நாயகன் குடிப்பதும் சண்டை போடுவதும் வேறு. அதே ஆண்டு வந்த 'ஓ மை டாக்' சின்னவர்களுக்கே ஏற்றது. பார்வையில்லாத குட்டியைக் கொல்லச் சொல்லும் வில்லனைப் பார்த்துக் கொஞ்சம் மிரளுவார்கள். பக்கத்தில் நாம் இருந்தால் போதும்.

படம் முடிந்த பிறகு வரும் தொல்லையையும் யோசிக்க வேண்டும். 1996-இல் டால்மேஷன் நாய்கள் படம் வந்ததும் அமெரிக்காவில் ஆசைப்பட்டு அந்தக் குட்டிகளை வாங்கியவர்கள் பலர், வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் காப்பகங்களில் விட்டார்கள். நம் ஊர் வெயிலில் ஹஸ்கி கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, அது பனிப்பிரதேசத்து உடம்பு என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். தூங்கும் நாயையும் சாப்பிடும் நாயையும் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரையில் கட்டிப்பிடித்ததைத் தெருவில் செய்து பார்ப்பார்கள்.

முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். குழந்தை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். செத்துப்போகும் என்றால் செத்துப்போகும் என்றே சொல்லுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்பதை அதுவே முடிவு செய்யட்டும். 'ஹாச்சி'யை மட்டும் பத்து வயது வரை தள்ளிப்போடுங்கள்.