பூட்டப்பட்டது கைபேசியா, மனமா?

2014 மே மாதம் ஆஸ்திரேலியாவில் பலருடைய ஐபோன்கள் திடீரெனப் பூட்டிக்கொண்டன. தொலைந்த போனைத் தேடித் தரும் வசதிக்குள் யாரோ புகுந்து அவற்றைப் பூட்டிவிட்டு, திறந்துவிடப் பணம் கேட்டார்கள்.

இதைத் திருட்டு என்று சொல்லலாமா? போன் உரியவர் கையில்தான் இருந்தது. உள்ளே இருந்த படங்களும் எண்களும் எங்கும் போகவில்லை. அப்படியானால் பறிபோனது எது?

ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரு தத்துவவாதிகள் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை தேடலாம். அதில் ஓட்டோ என்ற கற்பனை மனிதர் வருகிறார். அல்சைமர் நோயாளி. அருங்காட்சியகத்தின் முகவரியைத் தன் குறிப்பேட்டில் பார்த்துப் புறப்படுகிறார். இன்னொருவர் அதே முகவரியை நினைவிலிருந்து எடுத்துக்கொள்கிறார். ஏடு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, தயங்காமல் நம்பப்படுமானால், அதுவும் ஓட்டோவின் மனத்தில் ஒரு பகுதியே என்பது அவர்கள் வாதம்.

கைபேசியும் அப்படியோர் ஏடுதான். அதைப் பூட்டும் நிரல்கள் குலைப்பது இந்த இரண்டையும்தான்: கைக்கெட்டுவதையும் நம்பிக்கையையும். 2017-இல் வந்த டபுள்லாக்கர், ஃபிளாஷ் பிளேயர் போல வேடமிட்டு ஆண்ட்ராய்டு போன்களில் நுழைந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கென உருவான அணுகல் வசதிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, பின் எண்ணை மாற்றியது. கோப்புகளையும் படிக்க முடியாதபடி குறியாக்கியது.

பிறரால் பூட்ட முடிவது எப்படி மனமாகும் என்று கேட்கலாம். பக்கவாதம் ஒருவருடைய சொற்களை அவருக்கே எட்டாமல் செய்துவிடுகிறது. அதனால் அவை அவர் மனத்தைச் சேர்ந்தவை அல்ல என்று ஆகிவிடுமா? ஆகாது. எனவே கைபேசியைப் பூட்டுவது பொருளுக்கு இழைத்த குற்றம் மட்டுமல்ல, ஆளுக்கு இழைத்த குற்றம்.

அப்படியென்றால் கைபேசியைக் காப்பதும் தன்னைக் காப்பதுதான். ஆஸ்திரேலியாவில் முன்பே கடவு எண் வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டே போனைத் திறந்துகொண்டார்கள். எண் இல்லாத போன்களில்தான் அந்நியர் புதிய எண்ணைப் போட முடிந்தது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7, உரியவர் வைத்த பூட்டை வேறொரு செயலி மாற்ற முடியாதபடி தடுத்தது. முன்பின் தெரியாத செயலி அணுகல் அனுமதி கேட்டால் மறுப்பதும், படங்களுக்கும் எண்களுக்கும் வேறோர் இடத்தில் நகல் வைப்பதும் இதே கடமையில் அடங்கும்.

பணம் கொடுத்து மீளலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. 2015-இல் பரவிய லாக்கர்பின் என்ற பூட்டும் நிரல் 500 டாலர் கேட்டது. ஆனால் அது போட்ட எண் தற்செயலாக உருவானது, அனுப்பியவர்களுக்கே தெரியாது. நகல் வைத்திருந்தவர் போனை முழுதாக அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். வைக்காதவர், திறக்கத் தெரியாதவரிடமே கெஞ்ச வேண்டியிருந்தது.