தொலைவிலிருந்து வரும் சொல்

கடல் கடந்து சென்ற ஒருவன் தன் நாட்டு மக்களுக்குச் சொல் அனுப்புகிறான். அவர்கள் படும் துன்பத்தைத் தான் படாத ஓரிடத்திலிருந்து அனுப்புகிறான். அச்சொல்லுக்குரிய மதிப்பு யாது? இன்னது செய்யுங்கள் என்று அவர்களை ஏவும் உரிமை அவனுக்கு எங்கிருந்து வருகிறது? கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் தொலைபேசி அழைப்புகள் நாள்தோறும் வந்து சேரும் விசுவமடு போன்ற ஊர்களில், இது ஏட்டுக் கேள்வியன்று, வாழ்க்கைக் கேள்வி.

தமிழிலக்கியத்தில் தூது பழைய பொருள். அன்னத்தையும் கிளியையும் நெஞ்சையும் தூதுவிட்ட புலவர்கள் பெரும்பாலும் தம் துயரையே சொல்லியனுப்பினர். கேட்பவரை உயிர் கொடுக்குமாறு ஏவினாரல்லர். தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரோ, தன்னுயிருக்கு முடிவு வரினும் பின்வாங்காதவனையே தூதன் என ஒப்புகிறார். சொல்லால் விளையும் ஆபத்து முதலில் சொல்பவனைச் சாரவேண்டும் என்பதே அதன் உட்பொருள். அரசவைத் தூதனுக்கு வகுத்த இவ்வளவுகோல் நம் காலத்துக்கும் பொருந்துமா?

1909ஆம் ஆண்டின் இலண்டனைப் பார்ப்போம். சட்டம் பயிலச் சென்றிருந்த வரகனேரி வ. வே. சு. ஐயர், அங்கிருந்து பாரதியாரின் ‘இந்தியா’ ஏட்டுக்குக் கடிதங்கள் எழுதி வந்தார். ஆயுதப் புரட்சியே விடுதலைக்கு வழியென நம்பிய இளைஞர் குழுவில் அவரும் ஒருவர். அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் மதன்லால் திங்ரா என்னும் மாணவர், கர்சன் வைலி என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். ஆகஸ்ட் 17இல் தூக்கிலிடப்பட்டார். தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளை முறையிட அதே ஜூலையில் இலண்டன் வந்த காந்தி, சுட்ட இளைஞனை விட அவனைத் தூண்டியவர்களே தண்டனைக்குரியவர்கள் என எழுதினார். நவம்பரில் திரும்பும் கப்பலில், 13 முதல் 22 வரையான பத்தே நாட்களில், வலக்கை ஓய்ந்தபோது இடக்கையாலும் எழுதி ‘இந்திய சுயராஜ்யம்’ என்னும் நூலை முடித்தார். தொலைவிலிருந்த தம் நாட்டு மக்களுக்கு அவர் அனுப்பிய செய்தி அது. 1910இல் பம்பாய் அரசு அதனைத் தடை செய்தது.

இயந்திரத்தையும் இரயிலையும் மருத்துவமனையையும் அந்நூல் பழிப்பது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறரைச் சிறைக்கு அழைத்த அந்த மனிதர், 1908இலேயே தாமும் சிறை புகுந்திருந்தார். அவர் வழியும் உயிர் கேளாத வழியன்று. சிறையிற் கண்ட காய்ச்சலால் 1914 பெப்ரவரி 22இல் மறைந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறு. நோய்ப் படுக்கையிற் கிடந்த அப்பெண்ணைக் காந்தி நேரிற் சென்று கண்டார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று அவளிடமே கேட்டார். தன் சொல்லுக்கு விலை கொடுத்தவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் துணிவு அவருக்கு இருந்தது. ஐயரையும் நாம் குறைத்து மதிப்பிட இயலாது. 1910இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து, ஒற்றர் கண்காணிப்பின் நடுவே தம் கொள்கைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தார் அவர். ஆகவே இங்கே அளவுகோல் எந்த வழி என்பது மட்டுமன்று. விலையை யார் கொடுப்பது என்பதுமாகும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. 2009 ஜனவரியில் விசுவமடு வெறுமையாயிற்று. பரந்தன் – முல்லைத்தீவு வீதியாற் கிழக்கே பெயர்ந்த மக்கள், உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்காலில் நெருக்குண்டனர். தலைக்கு மேல் அரச படையின் எறிகணை. வெளியேற முயன்றால் விடுதலைப் புலிகளின் தடை.

அந்நாட்களில் தொலைவிலிருந்து இருவகைச் சொற்கள் எழுந்தன. இலண்டன் நாடாளுமன்றத்தின் முன்னும் ரொறன்ரோ வீதிகளிலும் திரண்டோர், எங்கள் மக்கள் சாகிறார்கள் என்று உலகுக்கு உரைத்தனர். சுதந்திரமான செய்தியாளர் எவரும் உள்ளே நுழைய முடியாத காலத்தில் அது செய்யத்தக்க கடமை, நன்றிக்குரியது. ஆனால் இறுதிவரை நில்லுங்கள், விட்டுக் கொடாதீர்கள் என்று உள்ளே இருந்தோரை ஏவிய குரல்களும் இருந்தன. ஏவியவரின் பிள்ளை அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். ஏவப்பட்டவரின் பிள்ளை பதுங்குகுழியில் இருந்தான்.

இதில் வர்க்கமும் உண்டு என்பதை நாம் மறைக்கலாகாது. வெளிநாடு செல்ல இலட்சக்கணக்கிற் பணம் வேண்டும். விற்கக் காணியும் ஈடுவைக்க நகையும் உள்ளவன் சென்றான். 1977இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறிய கூலி விவசாயியால் செல்ல முடியவில்லை. ஏவியவனுக்கும் ஏவப்பட்டவனுக்கும் இடையே கிடந்தது கடல் மட்டுமன்று.

அப்படியாயின் தொலைவில் இருப்பவன் வாய்மூடிக் கிடக்க வேண்டுமா? இல்லை. மௌனம் கொடியோர்க்கே துணை போகும். தான் கண்டதைச் சொல்லலாம். சொல்ல முடியாதவரின் சொல்லை உலகின் செவிக்குக் கொண்டு செல்லலாம். இவை அவன் கடமைகள். ஏவுதல் மட்டும் வேறு. அவ்வுரிமை விலையிற் பங்கு கொள்பவனுக்கே உண்டு.

தான் கண்டதைச் சொல்வது எளிதென எண்ண வேண்டாம். என்னிடம் உயர்தரம் பயிலும் மாணவன் ஒருவனின் அண்ணன் பாரிசில் இருக்கிறான். அவன் வீட்டுக்கு அனுப்பும் படங்களில் புதுச் சட்டையும் பளபளக்கும் காரும் இருக்கும். ஒருநாள் என்னோடு பேசியபோது, உணவுச்சாலையிற் கோப்பை கழுவுவதையும், ஓரறையில் அறுவர் முறை வைத்து உறங்குவதையும், வதிவிட உரிமை மறுக்கப்பட்டதையும் சொன்னான். “வீட்டில சொல்லிப் போடாதேயுங்கோ, சேர்” என்றான். நான் வாக்களித்தேன்.

சென்ற மாதம் தம்பி என்னிடம் வந்தான். “அண்ணன் நல்லாத்தானே இருக்கிறார், சேர்? நான் இஞ்ச இருந்து படிச்சு என்ன செய்ய?” என்றான். மிஞ்சியிருக்கும் அரை ஏக்கரை ஈடுவைத்து முகவருக்குப் பணம் கட்டப் போகிறார்கள்.

உண்மை அறிந்த நான் பேசாதிருந்தேன். தொலைவு என்பது மைல் கணக்கன்று. விளைவைத் தான் சுமக்காமல், சுமக்கப் போகிறவனுக்கு உண்மையை மறைப்பவன் பக்கத்து வீட்டில் இருந்தாலும் தொலைவில் இருப்பவனே என்பதை அன்றிரவு உணர்ந்தேன். அண்ணனை அழைத்தேன். “உன் தம்பிக்கு நீயே சொல். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்” என்றேன். நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் தம்பியை அழைத்திருக்கிறான். போவதா, இருப்பதா என்று அக்குடும்பம் இன்னும் முடிவு செய்யவில்லை. எதுவாயினும், அந்த முடிவை இனி அவர்கள் கண் திறந்து எடுப்பார்கள்.