ஒளுவும் ஜெல் நகப்பூச்சும்

 

சகோதரிகளே! பெருநாளைக்கு முந்திய இரவில் அம்மியில் அரைத்த மருதாணியை விரல்களுக்குத் தொப்பியாக வைத்துக் கொண்டு, விடியும்வரை கையை அசைக்காமல் படுத்திருந்த உம்மாமார்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பிறகு, 'கியூடெக்ஸ்' என்று நம் பெண்கள் பெயர் வைத்து அழைக்கும் நகச்சாயம் வந்தது. இப்போது வந்திருப்பது ஜெல். அதற்காக அழகு நிலையத்துக்குப் போக வேண்டியதும் இல்லை. அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேல்பூச்சு என்று சில புட்டிகளும், கை நுழையும் அளவில் ஒரு சிறு விளக்குப் பெட்டியும் பார்சலாக வீட்டுக்கே வந்து விடுகின்றன. ஒவ்வொரு பூச்சையும் தடவி, அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ அந்த விளக்கின் கீழ் வைத்தால் இறுகி விடுகிறது. கை விரல்களில் இரண்டு மூன்று வாரம் பளபளப்பு குறையாமல் இருக்கும். கால் விரல்களில் இன்னும் கூடுதலாகவே நிற்கும்.

மருதாணி வைத்த கையோடு ஒளுச் செய்து தொழுகிறோமே, அதுவும் நிறம், இதுவும் நிறம், இது மட்டும் ஏன் கூடாது என்று நம் பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். 'கூடாது' என்று ஒரு சொல்லில் வாயை அடைத்து விடாமல், காரணத்தை எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமையாகும்.

அழகு செய்து கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கடிதம் நீட்டிய பெண்ணின் கையைக் கண்டு, நகங்களுக்கு மருதாணி இட்டிருக்கலாமே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று சில அறிஞர்கள் கூறினாலும், பெண்கள் மருதாணி இடுவதை யாரும் மறுக்கவில்லை. ஆகவே நிறம் குற்றமல்ல. நிறத்தோடு சேர்ந்து ஒரு படலம் நகத்தின் மேல் உட்கார்ந்து விடுகிறதா என்பதுதான் கேள்வி.

மருதாணியின் சாயம் தோலிலும் நகத்திலும் ஊறி, அவற்றோடு ஒன்றாகக் கலந்து விடுகிறது. அரைப்பைக் கழுவி விட்டால் மேலே எஞ்சுவது எதுவும் இல்லை. தண்ணீர் நேரே நகத்தைத் தொடுகிறது. ஜெல் அப்படியல்ல. விளக்கின் ஒளி பட்டதும் அதிலுள்ள துகள்கள் ஒன்றோடொன்று கோத்துப் பின்னி, கெட்டியான பிளாஸ்டிக் தகடாகி விடுகின்றன. பாத்திரம் கழுவினாலும் துணி துவைத்தாலும் போகாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் புகாததுதான் அதன் சிறப்பென்றால், அதுவேதான் ஒளுவுக்குத் தடையும்!

ஒளுவில் முழங்கை வரை கைகளையும், கரண்டை வரை கால்களையும் கழுவும்படி திருமறையின் 'மாயிதா' அத்தியாயம் 6ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். நகம் அந்தக் கையிலும் காலிலும் சேர்ந்ததே. ஒருவர் ஒளுச் செய்தபோது பாதத்தில் ஒரு நக அளவு இடத்தை நனையாமல் விட்டு விட்டார். அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று ஒளுவை அழகாகச் செய்யும்படி அவரை அனுப்பினார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் ஷரீபில் பதிவாகியிருக்கிறது. ஒரே ஒரு நக அளவு! நம் பிள்ளைகளோ கையிலும் காலிலுமாக இருபது நகங்களை மூடி வைத்திருக்கிறார்கள்.

ஹிஜ்ரி 676ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தண்ணீரைத் தடுக்கும் மெழுகோ, மாவோ, மருதாணி அரைப்போ உறுப்பின் மேல் ஒட்டியிருந்தால் சுத்தம் நிறைவேறாது என்றும், மருதாணியின் நிறமோ எண்ணெயின் பிசுக்கோ மட்டும் தங்கியிருந்தால் பாதகமில்லை என்றும் 'மஜ்மூஃ' நூலில் விளக்கியுள்ளார்கள். ஹனபி நூல்களும் நகத்தில் காய்ந்து போன மாவைப் பற்றிப் பேசுகின்றன. பத்திரிக்கு மாவு பிசைந்த கையைத் தேய்த்துக் கழுவி விட்டு ஒளுவுக்குப் போகும்படி நம் பாட்டிமார்கள் சொன்னது இதனால்தான்.

காலுறை மீது மஸ்ஹு செய்யலாமே, அதுபோல ஜெல் மீதும் தடவிக் கொண்டால் என்ன என்று சிலர் சட்டம் பேசுகிறார்கள். அந்தச் சலுகை காலுக்கு மட்டும் உரியது; கைக்குக் கிடையாது. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு என்று கெடுவும் உண்டு. குளிப்பு கடமையானால் காலுறையையும் கழற்றியே ஆக வேண்டும். காயத்துக்குக் கட்டிய கட்டின் மீது தடவுவது நிர்ப்பந்தத்துக்காக வந்த சலுகை. அலங்காரத்தை யாரும் காயம் என்று சொல்ல மாட்டார்கள்! 'காற்றுப் புகும்' சாயம் என்று விளம்பரம் செய்கிறார்களே என்றால், காற்றும் ஆவியும் புகுவது வேறு, கழுவுவது வேறு. கழுவுதல் என்றால் தண்ணீர் உறுப்பின் மேல் ஓட வேண்டும்.

சாதாரண நகச்சாயத்தை இஷா தொழுத பின் பூசிக் கொண்டு, சுப்ஹு ஒளுவுக்கு முன் பஞ்சால் துடைத்து எடுத்து விட முடியும். ஜெல்லில் அந்த வசதி இல்லை. மூன்று வாரம் என்றால் 21 நாள். நாளொன்றுக்கு ஐந்து வேளை வீதம் 105 தொழுகை. விளக்குப் பெட்டிக்குள் கையை நீட்டும் அந்த ஒரு மணி நேரத்தில், ஒரு பெண் இத்தனை தொழுகைகளைப் பற்றியும் முடிவெடுத்து விடுகிறாள். ஒளுவோடு பூசினால் அந்த ஒளு முறியும் வரை மட்டுமே செல்லும். அது எத்தனை நேரம் தாங்கும்?

மாதவிடாய் நாட்களில் பூசிக் கொள்ளலாமா? பூசிக் கொள்வதில் தடையில்லை. ஆனால் சுத்தமானதும் குளிப்புக்கு முன் முழுவதும் எடுத்தாக வேண்டும். இல்லையேல் அந்தக் குளிப்பே நிறைவேறாது. எடுப்பது இலேசும் அல்ல. மேல்பூச்சை அரத்தால் மெல்ல உரசி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஒவ்வொரு நகத்திலும் வைத்து அலுமினியத் தாளால் சுற்றி, 10, 15 நிமிடம் ஊற வைத்து, மரக்குச்சியால் தள்ள வேண்டும். அஸருடைய நேரம் முடியப் போகும் தறுவாயில் ஒரு பெண் சுத்தமாகிறாள் என்று வையுங்கள். ஷாபிஈ மத்ஹபின்படி அஸருடன் லுஹரும் அவள் மீது கடமையாகிறது. அப்போது அவள் இருபது நகங்களை ஊற வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பாளா? நாளைச் சரியாகக் கணக்கிட முடியாதவர்கள் இந்த வேலையில் இறங்காதிருப்பதே நல்லது.

உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அது அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். ஜெல்லில் உள்ள மெத்தாக்ரிலேட் வகை இரசாயனங்கள், குறிப்பாக 'ஹெமா' என்பது, இறுகும் முன் தோலில் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். பழக்கமில்லாத கையால் வீட்டில் பூசும்போது தோலில் படுவதும், பொருந்தாத விளக்கால் சரியாக இறுகாமல் போவதும் அதிகம். ஒருமுறை ஒவ்வாமை வந்து விட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீங்காது. பின்னாளில் பல்லை அடைக்கும் பொருள்கூட ஒத்துக் கொள்ளாமல் போகலாம். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018லேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா கலந்த நகப்பூச்சைத் தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று விதித்திருப்பதுடன், 'டி.பி.ஓ.' என்னும் மற்றொரு பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் தடையும் செய்து விட்டது. ஜெல்லைப் பல்லால் கடித்து உரிப்பவர்கள் நகத்தின் மேலேட்டையும் சேர்த்தே உரித்து விடுகிறார்கள். வெடித்த விரலோடு ஐந்து வேளையும் தண்ணீரில் கை வைப்பது எத்தனை வேதனை!

'கருப்பு மருதாணி' என்று விற்கும் கூம்புகளையும் நம்பி விடாதீர்கள். அசல் மருதாணி சிவக்குமே தவிர உடனே கருக்காது. கருமைக்காகத் தலைச்சாய இரசாயனத்தைக் கலந்து, அதனால் தோல் கொப்பளித்துப் போனவர்கள் உண்டு. வீட்டுக் கொல்லையிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு மருதாணிச் செடி இருக்கும்போது, கூம்பு எதற்கு?

இனி, அறியாமல் ஜெல் பூசிக் கொண்டு சில நாட்கள் தொழுது விட்ட சகோதரிகள் மனம் உடைய வேண்டாம். முதலில் பூச்சை எடுத்து விடுங்கள். இடையில் குளிப்பு கடமையாகியிருந்தால் மீண்டும் குளியுங்கள். பூசிய நாளை நினைவுபடுத்தி, அந்த ஒளுக்களால் தொழுத பர்ளுகளைக் கணக்கிட்டு, நாளுக்குச் சில வேளையாகக் கழாச் செய்து வாருங்கள். எடுக்கும்போது நகத்துக்கோ தோலுக்கோ உண்மையான கேடு வருமென்று மருத்துவர் சொன்னால், உங்கள் ஊர் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லி அவர் காட்டும் வழியில் நடந்து கொள்ளுங்கள். ரமளானில் இப்படி நேர்ந்திருந்தால், பிடித்த நோன்புகளைத் திரும்பப் பிடிக்க வேண்டியதில்லை. பஜ்ருக்கு முன் இரத்தம் நின்று நிய்யத்தும் செய்திருந்தால் நோன்பு நிறைவேறி விடும். குளிப்பு அதற்கு நிபந்தனையல்ல. திருப்ப வேண்டியவை தொழுகைகள் மட்டுமே.